சிறுவர் நாடகப் போட்டிக்கு எழுதுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்: தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து

பாலக்கோடு பக்கம் அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதத் தொடங்கியதில், சிறுவர் நாடகப் போட்டிகளுக்கு வரும் பிரதிகளை நடுவராகப் படிக்கும் வேலையும் வந்து சேர்ந்தது. இரண்டு மாவட்டங்களிலிருந்தும் ஆசிரியர்கள், தாய்மார்கள், கல்லூரி மாணவர்கள், கூத்தாடும் குடும்பத்துப் பிள்ளைகள் எனப் பலர் போனில் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

சிறுவர் நாடகம் என்றால் சிறுவர் நடிப்பதா, சிறுவர் பார்ப்பதா?

போட்டி அறிவிப்பில் முதலில் இதைத்தான் தேட வேண்டும். பிள்ளைகள் எழுதும் நாடகம், பிள்ளைகள் நடிக்கும் நாடகம், பிள்ளைகள் பார்ப்பதற்காகப் பெரியவர்கள் நடிக்கும் நாடகம் என மூன்றும் வெவ்வேறு. மூன்றாவது வகைக்கு அறிவிக்கப்பட்ட போட்டிக்கு, நாற்பது பிள்ளைகள் மேடையேறும் ஆண்டு விழா நாடகத்தை அனுப்பினால் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஓரமாக வைத்துவிடுவார்கள்.

பிள்ளைகள் நடித்துவிட்டால் மட்டும் அது சிறுவர் நாடகம் ஆகிவிடாது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய பால சபை என்ற நாடகக் குழுவில் நடித்தவர்கள் எல்லோரும் சிறுவர்கள். பின்னாளில் பேர்பெற்ற நாடக நடிகரான டி.கே. சண்முகம் ஆறு வயதில் அதில் சேர்ந்தவர். ஆனால் அவர்கள் நடித்தது பெரியவர்களுக்கான புராண நாடகங்கள். பார்க்க வந்தவர்களும் பெரியவர்கள். குழந்தையின் பார்வையில் உலகம் எப்படித் தெரிகிறது என்பது அந்த மேடைக்கு வரவில்லை. அது வர வேண்டும் என்றுதான் இன்றைய போட்டிகள் கேட்கின்றன. நம் பக்கத்தில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு புதுச்சேரி வேலு சரவணனின் ‘ஆழி’ குழு. அவர் நடிக்கும்போது முன்வரிசைப் பிள்ளைகள் மேடையோடு பேசிக்கொண்டே இருப்பார்கள். வாய்ப்புக் கிடைத்தால் ஒருமுறை நேரில் பாருங்கள். நான் இங்கே எழுதும் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

‘குடும்ப நாடகம்’ என்று தனிப்பிரிவு போடுகிறார்களே, அது மாமியார் மருமகள் கதையா?

இல்லை. இந்தச் சொல்லால் பலர் ஏமாந்திருக்கிறார்கள். தாத்தாவும் பேத்தியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இருவரும் சலிக்காமல் பார்க்கக்கூடிய நாடகம் என்பதே பொருள். அப்பா அம்மா பிள்ளையை அழைத்து வந்து, தாங்கள் போனைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கும் நாடகம் குடும்ப நாடகம் ஆகாது.

இதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. பாய் போட்டு, ஆயா மடியில் ஒன்று, காலடியில் ஒன்று என்று பிள்ளைகள் தூங்கும். கோமாளி வந்தால் எழுந்து சிரிக்கும், பிறகு தூங்கிவிடும். பகாசுரன் வதத்துக்கு வண்டி நிறையச் சோற்றோடு பீமன் வரும்போது ஊர்ப் பிள்ளை எல்லாம் பின்னாலேயே ஓடும். பெரியவர்கள் துகிலுரிதலுக்கு அழுவார்கள், பிள்ளைகள் பீமன் சாப்பிடுவதைப் பார்க்கக் காத்திருப்பார்கள். ஒரே கதையில் இரண்டு பேருக்கும் இடம் வைத்திருக்கிறார்கள். எழுதும்போது இதை மனதில் வையுங்கள்: ஒவ்வொரு காட்சியிலும் தாத்தாவுக்கு ஒன்று, பேத்திக்கு ஒன்று.

எத்தனை நிமிடம், எத்தனை பாத்திரம்?

அறிவிப்பில் உள்ளபடி. அதில் சொல்லவில்லை என்றால், பிள்ளைகள் நடிப்பதற்கு 15 முதல் 20 நிமிடம், பிள்ளைகள் பார்ப்பதற்கு 40 முதல் 50 நிமிடம் என்று நான் சொல்வேன். பக்கக் கணக்கை நம்பாதீர்கள். கையெழுத்து ஆளுக்கு ஆள் மாறும். வாய்விட்டுப் படித்து நேரம் பாருங்கள். பாட்டும் ஓட்டமும் இருந்தால் கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

பாத்திரங்களில், பெரியவர்கள் நடிக்கும் நாடகத்துக்கு நான்கைந்து பேர் போதும். ஒருவரே இரண்டு வேடம் கட்டலாம், பிள்ளைகளுக்கு அது வேடிக்கையாகவே இருக்கும். பள்ளிக்கு எழுதுகிறீர்கள் என்றால் வேறு கணக்கு. ஒரு வகுப்பில் முப்பது பேர் இருப்பார்கள், இருபத்தைந்து பேரை மரமாக நிறுத்தாதீர்கள். சந்தை, யானைக் கூட்டம், ஒகேனக்கல் நீர் என்று கூட்டமே ஒரு பாத்திரமாகும்படி எழுதினால் எல்லோருக்கும் வேலை இருக்கும். போச்சம்பள்ளிச் சந்தையை அப்படியே மேடைக்குக் கொண்டுவந்த ஒரு பிரதியைப் படித்தேன். விலை கூவும் குரல்களை மட்டும் வைத்து ஒரு காட்சி முழுக்க நகர்ந்தது.

கடைசியில் நீதி சொல்ல வேண்டுமா? கருத்து இல்லாவிட்டால் பரிசு தருவார்களா?

அதிகம் வரும் கேள்வி இது. எனக்கு அதிக வருத்தம் தருவதும் இதுதான்.

ஒரு போட்டிக்கு வந்த கட்டைப் பிரித்தால் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும்: ஒரு பையன் போனிலேயே இருக்கிறான், அல்லது குப்பை போடுகிறான், அல்லது மரத்தை வெட்டுகிறான். ஒரு தாத்தாவோ ஆசிரியரோ பேசும் மரமோ வந்து இரண்டு பக்கம் அறிவுரை சொல்கிறது. பையன் “இனிமேல் அப்படிச் செய்ய மாட்டேன்” என்கிறான். எல்லோரும் பாடுகிறார்கள். இதில் பையன் என்ன செய்தான்? ஒன்றும் செய்யவில்லை. திட்டு வாங்கினான், திருந்தினான். பார்க்கிற பிள்ளைக்கு அது வகுப்பறையின் நீட்சிதான். பள்ளி விட்டும் பாடம் முடியவில்லையே என்று அது நெளியும்.

குழந்தைக்கு ஒரு ஆசை இருக்க வேண்டும். அது நிறைவேற ஒரு தடை இருக்க வேண்டும். அந்தத் தடையைத் தாண்ட அந்தக் குழந்தையே ஏதாவது செய்ய வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் கருத்து தானாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு எடுத்துக்காட்டு. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கேழ்வரகு விளையும் காலத்தில் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து யானைகள் இறங்கும். மரத்தில் பரண் கட்டி இரவெல்லாம் காவல் இருப்பார்கள். பரணில் ஒரு தாத்தா, ஒரு பேத்தி. யானை வரக் கூடாது என்பது தாத்தாவின் வேண்டுதல், வரவேண்டும் என்பது பேத்தியின் வேண்டுதல். அவள் இதுவரை யானையைப் பார்த்ததில்லை. யானை வந்தால் அந்த வருஷச் சாப்பாடு போய்விடும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஒரே பரண், இரண்டு பேர், ஒரு இரவு. இதில் வனப்பாதுகாப்பைப் பற்றி ஒரு வரிகூட நீங்கள் எழுத வேண்டாம். யானை வந்ததா, வந்தபோது அவள் தகரத்தைத் தட்டினாளா இல்லையா என்பதை மட்டும் எழுதுங்கள்.

துக்கத்துக்கும் பயப்பட வேண்டாம். “குழந்தைகளுக்கு சாவைக் காட்டலாமா” என்று கேட்கிறார்கள். பாரதக் கூத்து முடியும் படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனன் ஊர் நடுவே கிடக்க, பீமன் தொடையில் அடிப்பதை அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவர்கள்தான் நாம். சாவைக் காட்டலாம். ஆனால் அதோடு பிள்ளையைத் தனியே விட்டுவிடக் கூடாது. மேடையில் அந்தக் குழந்தையின் கையைப் பிடிக்க யாராவது ஒருவர் இருக்க வேண்டும்.

தருமபுரி என்றால் அதியமான் நெல்லிக்கனிதானே? அதை எழுதலாமா?

எழுதலாம். ஆனால் எங்களுக்கு வரும் பத்தில் மூன்று அதுவாகவே இருக்கும் என்று நினைத்து எழுதுங்கள். அதியமான் கனியைக் கொடுத்தான், ஔவை வாழ்த்தினாள், திரை விழுந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அதில் குழந்தை எங்கே?

புறநானூற்றில் அந்த நெல்லிக்கனிப் பாட்டு 91. அதற்கு அடுத்த பாட்டையும் புரட்டிப் பாருங்கள். யாழுக்கும் ஒத்துவராது, பொருளும் விளங்காது, ஆனாலும் தகப்பனுக்கு இனிக்கும் பிள்ளையின் மழலை போன்றது என் சொல் என்று ஔவை அதியமானிடம் சொல்கிறாள். நூறாம் பாட்டில் போர்க்கோலத்தோடு வந்து தன் மகனைப் பார்க்கிறான் அதியமான். பகைவரைப் பார்த்துச் சிவந்த கண் மகனைப் பார்த்த பிறகும் சிவப்பு மாறவில்லை. அந்த மகன் ஏழெட்டு வயதானபோது அப்பாவை எப்படிப் பார்த்திருப்பான்? அந்தக் கனி தனக்குக் கிடைக்கும் என்று அவன் காத்திருந்தானா? அங்கே இருக்கிறது நாடகம்.

நடுகற்களையும் பாருங்கள். தருமபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கின்றன. ஆடு மாடு மீட்கப் போய் இறந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு வீடு, அந்த வீட்டில் ஒரு பிள்ளை இருந்திருக்கும். பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் நடுகல்லில் வீரனோடு அவன் நாயும் இருக்கிறது. கோவிவன் என்று அதன் பெயரையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். கள்ளரைக் கடித்துத் தன் எசமானுக்குக் காவல் இருந்த நாய். பெயரோடு ஒரு நாய் ஆயிரத்து நானூறு ஆண்டாக நிற்கிறது, அதை வைத்து ஒரு பிள்ளைக்கு நாடகம் எழுத நமக்குத் தோன்றவில்லையே என்று எனக்கு ஆற்றாமை உண்டு.

நம் ஊர்ப் பேச்சில் எழுதினால் நடுவர்களுக்குப் புரியுமா?

புரியும். புரியாத நடுவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், அது அவர் வேலை. கொட்டாயில் வாழும் குடும்பத்தை ‘பண்ணை வீடு’ என்று எழுதினால் அந்த வீடே போய்விடுகிறது. களியை ‘சிற்றுண்டி’ ஆக்காதீர்கள். உறவினர் என்று எழுதுவதைவிட ஒறம்பரை வந்தால் அந்த வீட்டில் வரும் சத்தமே வேறு. மேடைக்குறிப்பை நல்ல எழுத்துத் தமிழிலும், பேச்சை அந்தந்த வாயிலிருந்து வருகிறபடியும் எழுதுங்கள்.

ஓசூர், சூளகிரி, வேப்பனப்பள்ளிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் தெலுங்கோ கன்னடமோ இருக்கும், தெருவில் தமிழ் இருக்கும். அஜ்ஜி, அதாவது பாட்டி, கன்னடத்தில் கேட்க, பேரன் தமிழில் பதில் சொல்வது அங்கே நடப்பது. அப்படியே எழுதலாம். அறிவிப்பில் ‘தமிழ் நாடகம்’ என்று இருந்தால் வேற்றுமொழி வரிகள் கொஞ்சமாக, சூழலில் பொருள் விளங்கும்படி இருக்கட்டும்.

கூத்து வடிவத்தில் எழுதி அனுப்பலாமா?

தாராளமாக. கூத்தாடும் குடும்பத்துப் பிள்ளைகள் கேட்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும், ஏனென்றால் மேடை அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஒரு சிக்கல் உண்டு. கூத்தில் பாதி காகிதத்தில் இருக்காது. அடவும் தாளமும் கோமாளி அந்த இடத்தில் கட்டுவதும் எழுத்தில் வராது. நடுவர் கையில் இருப்பதோ காகிதம் மட்டும். ஆகவே “இங்கே கோமாளி முன்வரிசைப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்கிறான், பதிலுக்கேற்பப் பேச்சை வளர்க்கிறான்” என்பதுபோல் குறிப்பு எழுதுங்கள். எந்தப் பாட்டு எந்த மெட்டு என்று சொல்லுங்கள். சினிமாப் பாட்டு மெட்டு வேண்டாம், அதற்கு உரிமையாளர் இருக்கிறார்.

வேறொருவர் கதையை நாடகமாக்கி அனுப்பலாமா?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை அந்தக் கதையை நாடகமாக்கும் உரிமை அவருக்கும் அவர் வாரிசுக்கும் உரியது. எழுதி வாங்கிய ஒப்புதல் இல்லாமல் அனுப்பக் கூடாது. பள்ளிக்குள் ஆசிரியர், மாணவர், பெற்றோர் மட்டும் பார்க்க நடத்தும் நாடகத்துக்குச் சட்டம் விலக்குத் தருகிறது. போட்டிக்கு அனுப்ப அந்த விலக்கு உதவாது. பாரதியார் போல அரசுடைமை ஆனவர்களின் எழுத்துக்கு ஒப்புதல் தேவையில்லை. ஆயா சொன்ன கதை எல்லோருக்கும் சொந்தம். ஆனால் ஒரு தொகுப்பில் ஒருவர் எழுதிய நடை அவருடையது, அதை வரிக்கு வரி எடுக்காதீர்கள்.

பரிசு வாங்கிவிட்டால் நாடகம் யாருக்குச் சொந்தம்?

நீங்கள் எழுதி அளிக்காதவரை உங்களுக்கே. பதிவு செய்யாவிட்டாலும் எழுதிய கணத்திலிருந்தே உரிமை உங்களுடையது. பதிவு செய்து வைத்தால் வழக்கு வரும்போது சான்று. கட்டணம் 500 ரூபாய்தான்.

விதிகளின் கடைசிப் பத்தியைத்தான் முதலில் படிக்க வேண்டும். என் நண்பர் ஒருவர், அவரும் ஆசிரியர், பரிசு வாங்கிய தம் நாடகத்தை இரண்டு வருஷம் கழித்துத் தம் பள்ளியிலேயே போடப் போனபோது, ‘அனுப்பிய எல்லாப் பிரதிகளும் அமைப்பாளருக்கே சொந்தம்’ என்ற வரியைக் காட்டித் தடுத்தார்கள். மூவாயிரம் ரூபாய்ப் பரிசு. அதற்குப் பிறகு அவர் நாடகமே எழுதவில்லை. ‘ஒருமுறை மேடையேற்றவும் ஒரு தொகுப்பில் வெளியிடவும் அனுமதி’ என்று இருந்தால் நியாயம். ‘எல்லா உரிமையும், என்றென்றைக்கும்’ என்று இருந்தால் அனுப்பாதீர்கள். உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்பதும், அதில் காலம் குறிக்கவில்லை என்றால் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

நுழைவுக் கட்டணம் கேட்கிறார்கள், கட்டலாமா?

நூறு இருநூறு என்றால், நாடகத்தை மேடையேற்றுகிறார்களா, கருத்தாவது எழுதி அனுப்புகிறார்களா என்று பாருங்கள். சான்றிதழ் மட்டும் என்றால் வேண்டாம். மாணவர்களிடம் கட்டணம் கேட்கும் போட்டிக்கு நான் நடுவராகப் போவதில்லை.

என் மகளுக்குப் பத்து வயது, அவளே எழுதியிருக்கிறாள். நான் திருத்தலாமா?

எழுத்துப் பிழை திருத்தலாம், தட்டச்சு செய்து தரலாம், விதிப்படி பெற்றோர் கையெழுத்துப் போடலாம். அதற்கு மேல் தொடாதீர்கள், அம்மா. பத்து வயதுப் பிள்ளை ‘வாழ்வின் விழுமியங்கள்’ என்று எழுதாது. ஒரு சிறுமியின் நாடகத்தில் பசுமாடு வாத்தியாரிடம் விடுப்பு கேட்டது, காரணமே இல்லை. சிரித்துச் சிரித்துப் படித்தோம். பெரியவர் கை பட்டிருந்தால் முதலில் போயிருப்பது அந்த மாடுதான்.

எப்படி அனுப்புவது? டி.டி.பி. சென்டரில் அடித்துக் கொடுத்தது அங்கே கட்டம் கட்டமாகத் தெரிகிறதாம்.

பழைய எழுத்துருவில் அடித்திருப்பார்கள். யூனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள், பி.டி.எஃப். ஆக மாற்றி, வேறொருவர் போனில் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள். கையால் எழுதினால் ஒரு பக்கம் மட்டும், ஒரு நகல் உங்களிடம். பெயர், முகவரி, பள்ளி எல்லாம் தனித்தாளில். பிரதிக்குள் எங்கும் உங்கள் பெயர் வரக் கூடாது, அதனால் தகுதி இழந்தவர்கள் ஏராளம். முதல் பக்கத்தில் பாத்திரங்கள், அவர்கள் வயது, எந்த வயதுப் பிள்ளைகள் பார்ப்பதற்கு, எத்தனை நிமிடம். நாடகம் பற்றிய முன்னுரை வேண்டாம்.

அனுப்பும் முன் யாரிடம் காட்டுவது?

பிள்ளைகளிடம். பேராசிரியரிடம் அப்புறம் காட்டலாம்.

தெருவில் ஏழெட்டுப் பிள்ளைகளைக் கூட்டி, வேடிக்கைக்குப் பொரிகடலை கொடுத்து, நாடகத்தைக் குரல் மாற்றி வாசியுங்கள். காகிதத்தைப் பார்க்காதீர்கள், அவர்கள் கால்களைப் பாருங்கள். கால் ஆடத் தொடங்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. அது நீங்கள் மிகவும் விரும்பி எழுதிய வசனமாகவே இருக்கும். வெட்டிவிடுங்கள். “அப்புறம் என்னாச்சு” என்று ஒரு பிள்ளை குறுக்கே கேட்டால் அந்த இடத்தைத் தொடாதீர்கள். முடிந்ததும் “நல்லா இருந்துச்சா” என்று கேட்க வேண்டாம், எல்லாம் நல்லா இருந்தது என்றுதான் சொல்லும். “கதையை எனக்குத் திருப்பிச் சொல்லு” என்று கேளுங்கள். அவர்கள் விட்டுவிட்டுச் சொல்லும் காட்சி நாடகத்துக்குத் தேவையில்லாத காட்சி.

இந்த ஒரு வேலையைச் செய்த பிரதி மற்றப் பிரதிகளின் கட்டுக்குள் தனியாகத் தெரியும். நாலாவது பக்கத்துக்குள் தெரிந்துவிடும்.

மேடையேற்ற போலீஸிடம் நாடகத்தைக் காட்ட வேண்டுமா?

1954-ஆம் ஆண்டு நாடகச் சட்டப்படி முன்பு காட்ட வேண்டியிருந்தது. பத்திரிகையாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில் 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவுகள் செல்லாது என்றது. பொது இடத்தில் ஒலிபெருக்கி வைக்க மட்டும் வழக்கமான அனுமதி வாங்குங்கள்.

பரிசு கிடைக்கவில்லை. அந்த நாடகத்தை என்ன செய்வது?

மேடையேற்றுங்கள். பள்ளிக்கல்வித் துறை 2022-23 முதல் நடத்தும் கலைத் திருவிழாவில் நாடகமும் உண்டு. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் நல்ல பிரதி கிடைக்காமல் அலைகிறார்கள், அவர்கள் கையில் கொடுங்கள். பிள்ளைகளுக்குக் கலைகள் கற்றுத்தரும் ஜவகர் சிறுவர் மன்றத்தில் கேட்டுப் பாருங்கள். நாள் குறிக்க வேண்டும் என்றால் மார்ச் 20 இருக்கிறது. சிறுவர் நாடகத்துக்கான உலக அமைப்பான அசிடெஜ் அதை உலகச் சிறுவர் நாடக நாளாக அறிவித்திருக்கிறது. அந்த அமைப்பு தொடங்கியது 1965-இல், தருமபுரி தனி மாவட்டமானதும் அதே ஆண்டு. முழு ஆண்டுத் தேர்வு நெருங்கும் நேரம் என்று தலைமையாசிரியர் தயங்கினால், சனிக்கிழமை சாயங்காலம் கோயில் திடலைக் கேளுங்கள். புளி உலுக்கும் காலம் அது, மரத்தடிகளில் பாதி ஊர் கூடியிருக்கும். விளக்கு போட ஒரு கம்பமும் விரிக்க நாலு பாயும் இருந்தால் போதும். எனக்கும் சொல்லி அனுப்புங்கள், வந்து முன்வரிசையில் உட்காருகிறேன்.